ஆறு பெட்டிக்கு எந்த அச்சகம்? மாணவர் புராஜெக்டுக்கு அழகுப்பொருள் பேக்கேஜிங் அச்சடிக்க நான்கு வழிகள்

“அண்ணா, சிவகாசியில கொடுத்தா ஒரு பெட்டி பன்னிரண்டு ரூபாய்தானாம். இங்க திருவல்லிக்கேணியில ஒரு ஷீட்டுக்கே அதைவிடப் பல மடங்கு கேக்கறாங்க. எங்க கொடுக்கட்டும்?”

டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் போனில் கேட்டாள். நலங்கு மாவு, செம்பருத்தி எண்ணெய், கண் மை என்று மூன்று பொருள்கள், மூன்றும் ஒரே பிராண்ட். எத்தனை பெட்டி வேண்டும் என்றேன். “ஒவ்வொண்ணுலயும் ரெண்டு. ஜூரிக்கு ஒண்ணு, போட்டோவுக்கு ஒண்ணு.” மொத்தம் ஆறு பெட்டி. அந்தப் பன்னிரண்டு ரூபாய் ஆயிரம் பெட்டி அடித்தால் வரும் கணக்கு. பன்னிரண்டாயிரம் கொடுத்து ஆயிரம் பெட்டி வாங்கி, அதில் இரண்டை மேஜையில் வைத்தால் ஒரு பெட்டி ஆறாயிரம் ரூபாய். அதிலும் அது ஒரு பொருளுக்கு மட்டும்.

புராஜெக்ட் சீசன் வந்தால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் என்னிடம் வந்துவிடும். பேக்கேஜிங் வேலையில் இருப்பதால் அச்சகத்துக்கும் டிசைனருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. அதை வைத்துச் சொல்கிறேன்.

## விலை கேட்பதற்கு முன்

அச்சகத்துக்குப் போன் போடும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை வேண்டும். “கொஞ்சம்” என்று எழுதக் கூடாது, எண்ணிக்கை வேண்டும். ஐந்தா, ஐம்பதா, ஐந்நூறா என்பது தெரிந்தால் நான்கு வழிகளில் இரண்டு தானாகவே கழன்றுவிடும்.

எத்தனை நாள் இருக்கிறது. சமர்ப்பிக்கும் நாளை வைத்து எண்ணாதீர்கள். போட்டோ எடுக்கும் நாளை வைத்து எண்ணுங்கள். போர்ட்ஃபோலியோவில் நிற்கப்போவது அந்தப் படம்தான்.

யார் தொட்டுப் பார்ப்பார்கள். படத்தில் மட்டும் வரும் பெட்டி வேறு, நடுவர் கையில் எடுத்து மூடியைத் திறந்து மூடப்போகும் பெட்டி வேறு.

தப்பு வந்தால் இன்னொரு முறை அடிக்க முடியுமா. மாணவர்கள் இதைக் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் விலைக்கு முன் கேட்க வேண்டியது இதைத்தான். முதல் பிரதியில் தப்பு நிச்சயம் இருக்கும். பதினைந்து வருடம் கழித்து எனக்கே இருக்கிறது.

டிசைனில் நான்கு வண்ண அச்சுக்கு அடங்காத ஏதாவது இருக்கிறதா. பொன் நிறம், வெள்ளி, பிரவுன் கிராஃப்ட் தாளின்மேல் வெள்ளை எழுத்து, புடைத்து நிற்கும் எழுத்து எல்லாம் இதில் சேரும். சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு வண்ண மையில் தங்க நிறம் கேட்டால் கடுகு நிறம்தான் வரும். சாதாரண டிஜிட்டல் மெஷினில் வெள்ளை மை கிடையாது. கிராஃப்ட் தாளில் வெள்ளையாக விட்ட இடமெல்லாம் பிரவுனாகவே இருக்கும், இளம் ரோஜா நிறம் காணாமலே போய்விடும்.

## வழி 1: நீங்களே அடித்து, நீங்களே வெட்டுவது

கல்லூரி லேபில் ஒரு கலர் பிரிண்டர், ஒரு கட்டிங் மேட், ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு போட்ட கத்தி, எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று. பேனா கிரீசிங்குக்கு. மடிப்புக் கோட்டில் ஸ்கேலை வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தால் தாளில் பள்ளம் விழும், மடிப்பு நேராக வரும்.

இரண்டு மூன்று பெட்டிக்கு இது நல்ல வழி. ஆனால் இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் பளபளப்பான ஆர்ட் கார்டு பெரிய அச்சகங்களின் ஆப்செட் மைக்கும் லேசர் பிரிண்டரின் தூள் மையான டோனருக்கும் ஆனது. இங்க்ஜெட் மையை அது குடிக்காது. விரல் பட்டால் இழுகும். இங்க்ஜெட்டுக்கென்றே வரும் மேட் கார்டு வாங்க வேண்டும், அதன் விலை அதிகம். பெரிய பெட்டியை ஏ4 தாளில் அடக்க முடியாமல் இரண்டாக வெட்டி ஒட்டினால் அந்த ஒட்டு போட்டோவில் அப்படியே தெரியும்.

மறைந்திருக்கும் செலவு என்றால் மை, அப்புறம் தூக்கம். ஒரு பெட்டியை ஒழுங்காக வெட்டி மடித்து ஒட்ட முக்கால் மணி நேரம் ஆகும். ஆறு பெட்டிக்கு ஒரு இரவு. பன்னிரண்டாவது பெட்டியில் கை நடுங்க ஆரம்பிக்கும்.

எந்த வழியில் போனாலும் இந்த வழியின் முதல் படியைத் தாண்ட முடியாது. அதுதான் வெள்ளை டம்மி. அச்சே இல்லாமல், கடைசியில் வரப்போகும் அதே கனத்துத் தாளில் பெட்டியை ஒருமுறை வெட்டி மடித்து, உள்ளே பாட்டிலை வைத்து, காதருகில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் பெரிது. உள்ளே போகவே அடம்பிடித்தால் சிறிது. நான் சம்பளத்துக்குச் செய்த முதல் பெட்டியில் பாட்டிலின் விட்டத்தை அப்படியே பெட்டியின் அகலமாகக் கொடுத்துவிட்டேன். தாளுக்கும் கனம் உண்டு என்பது நினைவில்லை. பாட்டில் பாதி வரை போய் நின்றது.

## வழி 2: டிஜிட்டல் பிரிண்ட் கடை

சென்னையில் திருவல்லிக்கேணி, பாரிமுனை பக்கம் போனால் இதற்குக் கடைகள் வரிசையாக இருக்கும். மற்ற ஊர்களில் கல்லூரிச் சாலைகளில், கல்யாணப் பத்திரிகைக் கடைகளை ஒட்டி இருக்கும். 13×19 அங்குல ஷீட், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு, மேட் அல்லது கிளாஸ் லேமினேஷன். பிளேட் என்ற அச்சுத் தகடு கிடையாது, ஒரு ஷீட்டும் அடித்துத் தருவார்கள், பெரும்பாலும் அன்றைக்கே.

பெரும்பாலான மாணவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். ஆனால் இங்கே காசு போவது ஷீட் கணக்கில், பெட்டிக் கணக்கில் இல்லை. இது புரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

30 மி.லி. டிராப்பர் பாட்டிலுக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலின் விட்டம் சுமார் 33 மி.மீ. பெட்டி 35×35, உயரம் 105. விரித்தால் அகலம் நான்கு பக்கத்துக்கு 140, ஒட்டும் பட்டிக்கு 12, ஆக 152. உயரம் 105, மேலும் கீழும் மூடிக்கும் செருகும் நாக்குக்கும் 48, 48, ஆக 201. வெட்டுக்கோட்டைத் தாண்டி நிறம் நீள்வதற்கான இடம்தான் பிளீடு. அதைச் சுற்றிலும் 3 மி.மீ. சேர்த்தால் 158×207. ஷீட் 330×483 மி.மீ. குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு, நான்கு பெட்டி அடங்கிவிடும்.

இப்போது “கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்” என்று பெட்டியை 40 மி.மீ. ஆக்குங்கள். விரித்த அகலம் பிளீடோடு 178. குறுக்கே இரண்டு வைக்க 356 வேண்டும், ஷீட்டில் இருப்பது 330. திருப்பி வைத்தாலும் இரண்டுக்கு மேல் அடங்காது. ஐந்து மி.மீ. தாராளத்துக்கு அச்சுச் செலவு இரண்டு மடங்கு. பாட்டிலும் உள்ளே ஆடும்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே ஷீட்டில் அவரவர் பெட்டியை அடுக்கி அடித்தால் இன்னும் குறையும். கடைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

இந்த வழியின் பெரிய தொல்லை மடிப்பு. டிஜிட்டல் மெஷினில் டோனர் தாளின் மேலே ஒரு படலமாகத்தான் உட்காரும், ஆப்செட் மை போல ஊறாது. கருநீலம், கறுப்பு, அடர் பச்சை என்று நிரப்பி அடித்து மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். கல்லூரிக் கடைசி வருடத்தில் எனக்கு நேர்ந்தது இது. முழுக் கருநீலப் பெட்டி, கடையில் தட்டையாகக் கொடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. இரவு பதினொரு மணிக்கு மடித்தேன். நான்கு மூலையிலும் வெள்ளைக் கோடு. விடிய விடிய நீல மார்க்கரால் பூசினேன், பகல் வெளிச்சத்தில் மார்க்கர் நீலம் வேறு, பெட்டி நீலம் வேறு என்று அப்பட்டமாகத் தெரிந்தது. கடைக்காரர்மேல் தப்பில்லை. லேமினேஷன் வேண்டாம் என்று நூறு ரூபாயை மிச்சம் பிடித்தது நான்தான்.

அடர் நிறம் என்றால் மேட் லேமினேஷன் கட்டாயம். அதன் பிறகு கிரீசிங், அதன் பிறகுதான் மடிப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. அதே திசையில் மடித்தால் சுத்தமாக வரும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். மிச்சத் துண்டை இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லேமினேஷன் செய்த இடத்தில் வெள்ளைப் பசை ஒட்டாது. அச்சகங்கள் ஒட்டும் பட்டியை மட்டும் விட்டுவிட்டுப் பூசும். கடையில் ஷீட் முழுக்கப் பூசிவிடுவார்கள். அதனால் நல்ல இரட்டைப் பக்க டேப் வாங்கிக்கொள்ளுங்கள். நிறம் ஷீட்டுக்கு ஷீட், நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும் என்பதால் தொகுப்பு முழுவதையும் ஒரே தடவையில் அடியுங்கள். நலங்கு மாவுப் பெட்டி இன்று, எண்ணெய்ப் பெட்டி வியாழக்கிழமை என்று அடித்தால் ஒரே பிராண்டில் இரண்டு மஞ்சள் வரும்.

வெட்டுவதற்கு ஆள் பிடிப்பதுதான் மறைந்திருக்கும் செலவு. பல கடைகளில் நேர்கோட்டு வெட்டு மட்டும்தான், நாக்கும் வளைவும் உங்கள் கத்திக்கு. கணினி ஃபைலைப் பார்த்துத் தானே வெட்டும் பிளாட்டர் கட்டர் வைத்திருக்கும் கடையாகப் பார்த்தால் கிரீசிங்கும் சேர்த்து முடியும். ஃபைலைத் தரும்போதே கேட்டுவிடுங்கள்.

## வழி 3: ரெடிமேட் டப்பா, ஸ்டிக்கர் மட்டும் உங்களுடையது

பாரிமுனைச் சந்துகளில் கண்ணாடிப் பாட்டில், அலுமினிய டப்பா, பம்ப் மூடி, கிராஃப்ட் பெட்டி எல்லாம் சில்லறையாகவும் கிடைக்கும். டப்பாவை வாங்கி, அதற்கு லேபிள் மட்டும் அடித்து ஒட்டுவது இந்த வழி. சின்ன அளவில் சோப்பும் எண்ணெயும் செய்து விற்பவர்கள் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

மாணவர்கள் இதைக் கொஞ்சம் கேவலமாகப் பார்க்கிறார்கள், “பெட்டியே நான் டிசைன் செய்யலையே” என்று. புராஜெக்ட் பிராண்டிங் பற்றியது என்றால் இதில் ஒரு குறையும் இல்லை. பெட்டியின் அமைப்பே பாடம் என்றால் மட்டும் இந்த வழி உதவாது.

இங்கே சரியாக வர வேண்டியது அளவு. 33 மி.மீ. விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு சுமார் 104 மி.மீ. லேபிள் 100 என்றால் பின்னால் ஒரு சன்ன இடைவெளி, 108 என்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இரண்டும் சரி. சரியாக 104 என்று வெட்டினால் கை அரை மி.மீ. தவறினாலும் காட்டிக் கொடுத்துவிடும். மேலே அகன்று கீழே குறுகும் பாட்டிலில் நேரான லேபிள் சுருங்கும், அதற்கு வில் போல வளைந்த லேபிள் வேண்டும். முதல் புராஜெக்டுக்கு நேர்ச் சுவர் உள்ள பாட்டிலாகவே வாங்குங்கள்.

எண்ணெய்ப் பாட்டிலுக்குக் காகித ஸ்டிக்கர் வேண்டாம். ஒரு சொட்டு வழிந்தால் போதும், தேங்காயெண்ணெய் பட்ட பேப்பர் மாதிரி ஆகிவிடும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கேளுங்கள். கண்ணாடி தெரியும்படி டிரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கரில் அடிப்பதென்றால் நிறத்துக்குக் கீழே வெள்ளை மை போட முடியுமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் நிரப்பியதும் எழுத்து மங்கிவிடும்.

பாட்டிலிலேயே அச்சடித்தது போல வேண்டுமா? யூவி டிடிஎஃப் என்று ஒரு டிரான்ஸ்ஃபர் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. ஒட்டிவிட்டு மேல் படலத்தை உரித்தால் எழுத்து மட்டும் கண்ணாடியில் நிற்கும், வெள்ளை மையும் உண்டு. இரண்டு மூன்று பாட்டிலுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கைவிட இது சுலபம்.

## வழி 4: ஆப்செட்டும் டையும்

சிவகாசி என்றால் இதுதான். நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட். பெட்டி வடிவத்தில் வெட்ட ஒரு டை, அதாவது பிளைவுட் பலகையில் பள்ளம் அறுத்து அதில் எஃகுப் பட்டைகளை வளைத்துச் செருகியது. கூரான பட்டை வெட்டும், மழுங்கிய பட்டை மடிப்புப் பள்ளம் போடும். தங்க ஃபாயில் வேண்டுமென்றால் அதற்கொரு பிளாக், எழுத்தைப் புடைக்க வைக்கும் எம்பாஸுக்கு இன்னொன்று. இவையெல்லாம் ஒரு பெட்டி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஒரே செலவு. அதனால்தான் அவர்கள் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழே இறங்க மாட்டார்கள். மெஷினில் நிறம் பிடித்து வருவதற்குள்ளேயே நூறு இருநூறு ஷீட் போய்விடும்.

தரத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. வேண்டிய இடத்தில் மட்டும் பளபளப்பு பூசும் ஸ்பாட் யூவியின் வழவழப்பு, கச்சிதமான வெட்டு, எண்ணிட்ட பான்டோன் நிற அட்டையில் தேர்ந்தெடுத்த நிறத்தை அதற்கென்றே கலந்த மையில் அடிப்பது என்று மற்ற மூன்று வழிகளும் கிட்ட வர முடியாது. டப்ளெக்ஸ் போர்டு போன்ற கனமான அட்டையும் இங்கேதான் எளிது. டிஜிட்டல் மெஷின்கள் பல 300, 350 ஜிஎஸ்எம்முக்கு மேல் முக்கும்.

ஆனால் மறைந்திருக்கும் செலவு முழுக்க இங்கேதான் குவிந்திருக்கிறது. முதலில் சொல்லும் விலையில் டை சேர்ந்திருக்காது, ஜிஎஸ்டி தனி, பஸ் பார்சல் தனி. ஒட்டித் தருகிறார்களா, தட்டையாகத் தருகிறார்களா என்று கேட்காவிட்டால் தட்டையாக ஆயிரம் வந்து இறங்கும். ஹாஸ்டல் அறையில் எங்கே வைப்பது? ஒரு எழுத்துப்பிழை என்றால் அந்த பிளேட் மறுபடி, ஆயிரமும் மறுபடி.

காலம் இன்னொன்று. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவரும். அதிலிருந்து டிசம்பர் வரை மெஷின்கள் காலண்டருக்கும் டைரிக்கும் ஓடும். நவம்பரில் செமஸ்டர் புராஜெக்டைத் தூக்கிக்கொண்டு போனால் அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். “பாத்துக்கலாம் தம்பி” என்பார்கள். அது இன்னும் மோசம்.

எப்போது சரி? பொருளை உண்மையிலேயே விற்கப் போகிறீர்கள், ஐந்நூறுக்கு மேல் தேவை, டிஜிட்டலில் ஒரு முறை அடித்துப் பார்த்துப் பிழையெல்லாம் களைந்தாயிற்று என்றால் தாராளமாகப் போங்கள்.

## ஒரே பார்வையில்

| | கையால் | டிஜிட்டல் கடை | ரெடிமேட் + ஸ்டிக்கர் | ஆப்செட் + டை |
|---|---|---|---|---|
| பொருந்தும் எண்ணிக்கை | 1–5 | 2–100 | 2–200 | 500க்கு மேல் |
| நாள் | ஒரு இரவு | 1–3 நாள் | 1–3 நாள் | ஒரு வாரமாவது |
| தப்பைத் திருத்த | உடனே | ஒரு ஷீட் செலவு | ஒரு ஷீட் செலவு | பிளேட்டோடு எல்லாம் |
| தொட்டால் | கையைப் பொறுத்தது | லேமினேஷன் இருந்தால் நன்று | டப்பாவைப் பொறுத்தது | மிக நன்று |
| ஏமாற்றும் செலவு | மை, நேரம் | வெட்டுக்கூலி, ஷீட் வீணாவது | தவறான அளவு | டை, ஜிஎஸ்டி, பார்சல் |

## தமிழில் பெயர் வைத்திருந்தால்

இது எந்த வழிக்கும் பொது. கடையில் ஃபைலைத் திறக்கும்போது உங்கள் எழுத்துரு அவர்கள் கணினியில் இருக்காது. இருந்தாலும் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மென்பொருளில் முடுக்கிவிடாவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும். “செம்பருத்தி”யில் ச-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ம-வோடு ஒட்டிக்கொள்ளும். கடைக்காரருக்கு அதைப் படித்துப் பார்க்க நேரமில்லை. எழுத்து முழுவதையும் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி கொடுங்கள். மாற்றாத ஃபைலை உங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒரு எழுத்தைத் திருத்த அதுதான் வேண்டும்.

பின்பக்கத்தில் சட்டப்படி வர வேண்டியவற்றுக்கும் இடம் விடுங்கள். இந்தியாவில் அழகுப்பொருள் லேபிளுக்கு 2020ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் பெயர் முகவரி, சேர்மானப் பட்டியல், பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், நிகர அளவு, அப்புறம் வேறொரு விதிப்படி எம்ஆர்பி. மாணவர் டிசைன்களில் முன்பக்கம் ஓவியமாகவும் பின்பக்கம் காலியாகவும் இருப்பதைப் பார்த்தால் நடுவர்கள் முதல் கேள்வியை அங்கேதான் போடுவார்கள். கற்பனை முகவரி போட்டுக்கொள்ளலாம், உண்மையான கம்பெனியின் உரிம எண்ணையோ பார்கோடையோ எடுத்துப் போடாதீர்கள். ஓரத்தில் “கல்லூரிப் பயிற்சிக்கான மாதிரி, விற்பனைக்கல்ல” என்று சிறிதாக ஒரு வரி இருந்தால் நல்லது.

## அந்தப் பெண்ணுக்குச் சொன்னது

நலங்கு மாவுப் பெட்டிக்கு டிஜிட்டல், மேட் லேமினேஷன், பிளாட்டர் வெட்டு. செம்பருத்தி எண்ணெய்க்குக் கடையில் கிடைக்கும் நேர்ச் சுவர் பாட்டில், பிளாஸ்டிக் ஸ்டிக்கர், அதன் வெளிப்பெட்டி நலங்கு மாவுப் பெட்டியோடு ஒரே தடவையில். கண் மைக்கு அலுமினிய டப்பா, மூடிமேல் வட்ட ஸ்டிக்கர், பெட்டிக்குப் பதில் ஒரு தாள் பட்டி, அதையும் அதே ஷீட்டின் ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் அடித்துவிடலாம்.

அவளுக்குப் பொன் எழுத்து மட்டும் விட மனமில்லை. லேசர் பிரிண்டரில் கறுப்பாக அடித்த எழுத்தின்மேல் டோனர் ஃபாயிலை வைத்து லேமினேட்டரில் ஓட்டினால் பொன் அந்த எழுத்தில் மட்டும் ஒட்டும், பிளாக் தேவையில்லை. இங்க்ஜெட்டில் இது நடக்காது. லேமினேஷன் பூசிய தாளிலும் நடக்காது. அந்தப் பட்டியை மட்டும் லேமினேஷன் இல்லாமல் தனியாக அடித்து அதைச் செய்து பார் என்றேன்.

நான்கு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினாள். இரண்டு வெள்ளைப் பெட்டி, அச்சே இல்லாமல், மேஜையில் வரிசையாக. கீழே ஒரு வரி: “அண்ணா, பாட்டில் ஆடலை.”